15 வயது லாரி: இன்ஜின் வேலை செய்வதா, வண்டியையே மாற்றுவதா?

போன மாதம் நாமக்கல் சேலம் ரோட்டில் நாங்கள் வழக்கமாகப் போகும் பட்டறையில், ஃபிட்டர் அண்ணன் இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டார். ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அதே வாயின்மேல் தலைகீழாக வைத்தார். நல்ல இன்ஜின் என்றால் மூடி லேசாக நடுங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். எங்கள் மூடி இரண்டு முறை குதித்துக் கீழே விழுந்தது. திறந்த வாயிலிருந்து நீலப்புகை விட்டு விட்டு வந்தது.

"ரிங்கைத் தாண்டிக் காத்து கீழ எறங்குதுங்க தம்பி. ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டலாம். ஆனா எத்தன நாளைக்குங்க?" என்றார்.

வண்டி 2011 மாடல், பத்துச் சக்கரம், 2518. இந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் இரண்டு எண் மொத்த எடை, அதாவது 25 டன். அடுத்த இரண்டு எண் 180 குதிரைசக்தியைக் குறிக்கும். அப்பா வாங்கிய வண்டி, டியூ (கடன் தவணை) முடிந்து பத்து வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டுப் படிப்புச் செலவும் தங்கச்சி கல்யாணமும் இந்த வண்டியில்தான் நடந்தன. வரும் ஜூனில் அதற்கு 15 வயது முடிகிறது. இன்ஜின் வேலைக்குப் பட்டறையில் சொன்ன தொகை 2.5 லட்சம்.

அப்பா, "இன்ஜின் செஞ்சுட்டா இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல" என்கிறார். மாமா, "15 வருஷ இரும்புல காசைக் கொட்டாதே மாப்ளை, புது வண்டி எடு" என்கிறார். இருவருமே முப்பது வருஷம் லாரி வைத்தவர்கள். அதனால்தான் எனக்குக் குழப்பம். ஒரு மாதம் கணக்கு நோட்டுகளைப் பிரித்து வைத்து உட்கார்ந்தேன். இருவரும் பேசுவது இரண்டு வேறு தொழிலைப் பற்றி என்பது அப்போதுதான் புரிந்தது. மாமாவின் வண்டி குஜராத் வரை போய் வருகிறது. அப்பாவின் மனதில் இருப்பது சங்ககிரி சிமெண்ட் லோடு. வண்டிக்கு என்ன வயது, இன்ஜின் எப்படி என்று கேட்பதற்கு முன்னால், இந்த வண்டி இனிமேல் எந்த ரோட்டில் ஓடப்போகிறது என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முக்கால்வாசி முடிவு வந்துவிடும்.

முதலில் தேதிகள்

பட்டறைக்குப் போவதற்கு முன்னால் ஆர்சி புக்கைப் பாருங்கள். வெளிமாநிலம் போக வேண்டிய நேஷனல் பர்மிட்டுக்கு மோட்டார் வாகன விதிகளில் வயது வரம்பு உண்டு. இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருஷம், மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வருஷம். எங்கள் வண்டி மூன்று ஆக்சில் என்பதால் ஜூனோடு வெளிமாநில ஓட்டம் முடிகிறது. இன்ஜினைப் புதிதாகவே மாற்றினாலும் இந்தத் தேதி மாறாது. வெளிமாநில ஓட்டத்தையே நம்பியிருக்கிற ஒருவர் பர்மிட் முடிய ஆறு மாதம் இருக்கையில் இரண்டரை லட்சத்துக்கு இன்ஜின் வேலை செய்தால், அந்தப் பணம் திரும்பி வர வழியே இல்லை. இப்படிச் செலவு செய்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டெல்லிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் நெருக்கம். 2025 நவம்பர் 1 முதல் வெளிமாநிலப் பதிவுள்ள பிஎஸ்3 (பிஎஸ் என்பது அரசின் புகை விதி, எண் கூடினால் விதி கடுமை) சரக்கு வண்டிகள் டெல்லிக்குள் நுழைய முடியாது. பிஎஸ்4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரைதான் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த ரூட்டை நம்பி பிஎஸ்4 பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அடுத்தது எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதன்பிறகு வருஷா வருஷம். 2022 ஏப்ரலில் மத்திய அரசு உயர்த்தியபோது, 15 வயது தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்சி கட்டணம் 12,500 ரூபாய் ஆனது. 2025 நவம்பர் அறிவிப்பில் 20 வயது தாண்டிய கனரக வண்டிக்கு 25,000. கட்டணம் மட்டும் என்றால் சமாளிக்கலாம். எஃப்சிக்கு முன்னால் பாடி வெல்டிங், பெயிண்ட், பிரேக், லைட் என்று வண்டி ஒரு வாரம் நிற்கிறது. எங்களுக்குப் போன எஃப்சி வேலை எல்லாம் சேர்த்து 55,000 ஆனது. பழைய வண்டியை வைத்துக்கொள்வதாக முடிவு செய்பவர்கள் இந்தத் தொகையை ரிப்பேர் என்று நினைக்காமல், வருஷ வாடகை மாதிரி ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

மாநிலத்துக்குள் ஓடும் பர்மிட்டில் கதை வேறு. எஃப்சி வாங்கிக்கொண்டு இருபது வருஷ வண்டிகள் இன்றும் சிமெண்ட், செங்கல், ஜல்லி ஏற்றுகின்றன.

ஒரே நோயா, உடம்பு முழுக்கவா?

ரிப்பேர் பில்லை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவோம். எங்கள் நோட்டில் டயர், பேட்டரி, பிரேக் லைனிங், ஆயில் எல்லாம் ரிப்பேர் என்ற ஒரே தலைப்பில் இருந்தன. இவற்றைப் புது வண்டியும் தின்னும். அவற்றைத் தனியாக எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால், மூன்று வருஷத்தில் 1.1 லட்சம், 1.35 லட்சம், 1.6 லட்சம். ஏறுகிறது, ஆனால் பயப்படும்படி இல்லை.

பயமுறுத்தியது இன்னொரு கணக்கு. வேலைக்காக வண்டி நின்ற நாட்கள்: 11, 19, 34. வண்டி ஓடினால் டீசல், டிரைவர் படி, டோல் போகக் கையில் நிற்பது நாளுக்குச் சராசரி 3,000 என்று வைத்தால், போன வருஷம் நின்றதிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. இது எந்தப் பில்லிலும் வராது. அதனால்தான் யாரும் கூட்டுவதில்லை.

பிறகு அந்த 34 நாளையும் காரணம் வாரியாகப் பிரித்தேன். 23 நாள் இன்ஜின் சம்பந்தப்பட்டது: ஹெட் கேஸ்கெட் ஒரு முறை, சூடேறி நின்றது இரண்டு முறை, ஆயில் சீல், டர்போ. மீதி 11 நாள் பட்டை (ஸ்பிரிங் பிளேட்) உடைந்தது, கிரவுன் (பின் ஆக்சில் பல்சக்கரம்) வேலை, ஒரு முறை ஒயரிங். இதுதான் எனக்குத் தெளிவைக் கொடுத்தது. நிற்கும் நாட்களில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வந்தால் அந்த இடத்தைச் சரி செய்வது பலன் தரும். இன்ஜினில் கொஞ்சம், கியர்பாக்ஸில் கொஞ்சம், கிரவுனில் கொஞ்சம், ஒயரிங்கில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தால், ஒன்றைச் சரி செய்து வெளியே எடுக்கும்போது அடுத்தது காத்திருக்கும். அந்த மாதிரி வண்டிக்கு இன்ஜின் வேலை செய்யாதீர்கள்.

இன்ஜினுக்குள்ளேயும் ஒரு கணக்கு உண்டு. எங்களுடையது தனி லைனர் இல்லாத வகை. கம்மின்ஸ் 5.9 லிட்டர் பி சீரிஸ் இன்ஜின்களும் இப்படித்தான். பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடும். தேய்ந்தால் பிளாக்கை லேத்துக்கு எடுத்துப் போய் போர் செய்து, அதாவது துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அந்த அளவும் தீர்ந்துவிட்டால் ஸ்லீவ் இறக்க வேண்டும். லைனர் உள்ள இன்ஜினில் லைனர், பிஸ்டன், ரிங் செட்டாக மாற்றிவிடலாம். கிராங்க்கையும் ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுகிறோம். அதற்கும் எல்லை இருக்கிறது. ஆகவே "இன்ஜின் வேலைக்கு எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல், "இதற்கு முன்னால் எத்தனை தடவை போர் ஆகியிருக்கிறது, கிராங்க் எந்த அளவில் நிற்கிறது?" என்றும் கேளுங்கள். முதல் தடவை பிரிக்கிற இன்ஜினுக்குப் போடும் பணமும் மூன்றாவது தடவை பிரிக்கிற இன்ஜினுக்குப் போடும் பணமும் ஒன்றல்ல.

வண்டியின் முதுகெலும்பான சேஸிஸை இன்ஜினுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். ஃபிட்டர் அண்ணன் பின் பட்டை பிராக்கெட் அருகே சேறையும் கிரீஸையும் சுரண்டி எடுத்தார். டீசல் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவினார். பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வந்தோம். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் தூளில் ஊறி, முடி போல ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும் என்றார். ஒரு பழைய வெல்டிங் ஓரத்தைத் தவிர எங்கள் சேஸிஸில் கோடு விழவில்லை. அன்று எனக்கு வந்த நிம்மதியை வார்த்தையில் சொல்ல முடியாது. கோடு விழுந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. நாள் முழுக்க லோடு தாங்கும் இடத்தில் விரிந்த சேஸிஸை நம்பி ஒரு டிரைவரை அனுப்ப எனக்கு மனசு வராது.

புது வண்டி: கிலோமீட்டர்தான் டியூ கட்ட வேண்டும்

இப்போது மாமா சொன்ன பக்கம். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் லோடை உயர்த்தியது. அதன்பிறகு 25 டன்னாக இருந்த பத்துச் சக்கரம் 28 டன்னாக வருகிறது. 31 டன்னாக இருந்த பன்னிரண்டு சக்கரம் 35 டன்னாக வருகிறது. புது வண்டியின் கேபின் எடையைக் கழித்தாலும் எங்கள் வண்டியைவிட இரண்டரை டன் கூடுதலாகச் சட்டப்படி ஏற்றலாம். முன்பெல்லாம் பழைய வண்டியில் ஓவர்லோடு போட்டு ஈடுகட்டினார்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஒரு முறை மாட்டினால் அந்த மாத லாபம் போய்விடும். பட்டை, டயர், பிரேக் தேய்வது தனி.

விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. நான் விசாரித்தவரை, பாடி கட்டி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் முடித்து ரோட்டுக்கு வர 40 லட்சத்தை ஒட்டி ஆகிறது. கையிலிருந்து 10 லட்சம், ஃபைனான்ஸ் 30 லட்சம், வட்டி 10 சதவீதம், 60 மாதம் என்று வைத்தால் டியூ மாதம் 63,741 ரூபாய். முப்பது நாளால் வகுத்தால் நாளுக்கு 2,125. மழையோ ஸ்டிரைக்கோ லோடு கிடைக்காத வாரமோ, அந்த 2,125 ஓடிக்கொண்டேயிருக்கும். டியூ இல்லாத வண்டி ஷெட்டில் நின்றால் வரியும் இன்சூரன்ஸும்தான் போகும்.

டியூவுக்கு எதிரே புது வண்டி மிச்சம் பிடித்துத் தருவதை நிறுத்திப் பார்ப்போம். என் கணக்கில் பழைய வண்டி லிட்டருக்கு 3.75 கிலோமீட்டர், புதியது 4.25. மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் 251 லிட்டர் டீசல் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்றால் 23,000 சொச்சம். ஆனால் பிஎஸ்6 வண்டிக்கு ஆட்புளூ என்ற யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். டீசலில் ஐந்து சதவீதம், லிட்டர் 60 ரூபாய் என்று போட்டால் 5,600 போய்விடும். நிகரம் 17,400. ரிப்பேர் குறைவதில் மாதம் 10,000, நிற்கும் நாள் குறைவதில் 8,500. புது வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் போட்டாக வேண்டும் என்பதால் 4,000 கழித்துக்கொள்கிறேன். இதுவரை சுமார் 32,000. டியூவில் பாதி.

மீதிப் பாதியை அந்த இரண்டரை டன்தான் தர வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் டிரிப்புக்கு டன் 2,200 வாடகை என்றால் டிரிப்புக்கு 5,500. மாதம் எட்டு டிரிப்பும் எடை பார்த்து வாடகை தரும் சரக்காக இருந்தால் 44,000 வருகிறது. டியூ கட்டிக் கையில் 12,000 நிற்கும். நாலு டிரிப்தான் அப்படி என்றால் மாதம் 10,000 கைக்காசு போட வேண்டும். முட்டை, தென்னை நார், பஞ்சு என்று இடத்தை அடைக்கும் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு இந்த இரண்டரை டன் எதையும் தராது. ஷோரூமில் பேலோடு என்று பெருமையாகச் சொல்லும்போது, நம் சரக்கு எது என்று நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே கணக்கை 4,000 கிலோமீட்டருக்குப் போட்டேன். டீசலில் நிகரம் 8,700, நாலு டிரிப்பில் இரண்டு எடைச் சரக்கு என்றால் 11,000, ரிப்பேரும் நிற்கும் நாளும் அப்படியே 18,500 என்று தாராளமாக வைத்தாலும், இன்சூரன்ஸ் 4,000-ஐக் கழித்தால் டியூவுக்கு மாதம் 29,500 குறைகிறது. ஐந்து வருஷம் கழித்துக் கையில் ஐந்து வயது வண்டி இருக்குமே என்று மாமா சொன்னார். உண்மைதான், அந்த மதிப்பு பெரியது. ஆனால் டியூ தேதியில் அதை எடுத்துக் கட்ட முடியாது. இங்கே ஃபைனான்ஸ்காரர் இழுத்துப் போன வண்டிகளில் பல நல்ல வண்டிகள். ஓட்டம் போதாமல் போனவை அவை.

ஓட்டத்தின் தன்மையும் பிஎஸ்6 வண்டிக்கு முக்கியம். 2020 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள சைலன்சரில் நல்ல சூடு வேண்டும். ஹைவேயில் லோடோடு மணிக்கணக்கில் ஓடினால் அந்தச் சூடு தானாக வரும். கிரஷருக்கும் சைட்டுக்கும் நடுவே பத்துக் கிலோமீட்டர், வரிசையில் ஒரு மணி நேரம், மறுபடி பத்துக் கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும். டேஷ்போர்டில் லைட் எரியும், பவர் குறையும். மட்டமான யூரியாக் கரைசலை ஊற்றினால் இன்னும் செலவு. கம்ப்யூட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதால் ரோட்டோர ஃபிட்டரால் பாதி வேலைதான் முடியும். பிஎஸ்6 மோசமான வண்டி என்று நான் சொல்லவில்லை. அது நீண்ட ரோட்டுக்குச் செய்த வண்டி.

"டேக்ஸ் மிச்சம்" என்று சொல்லி விற்பவர்களிடம் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பத்து வண்டிக்கு மேல் வைத்துக்கொள்ளாத நம்மில் பெரும்பாலோர் வருமான வரியில் 44ஏஇ என்று பழகிய முறையில், கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டுகிறோம். அந்த முறையில் தேய்மானமோ வட்டியோ தனியாகக் கழிக்க முடியாது. 25 டன் வண்டி போய் 28 டன் வண்டி வந்தால், காட்ட வேண்டிய வருமானம் மாதம் 3,000 கூடும். அவ்வளவுதான். கணக்குப் புத்தகம் எழுதித் தணிக்கை செய்பவர்களுக்குத்தான் வாடகை லாரிக்கான 30 சதவீதத் தேய்மானம் உதவும்.

புது வண்டிக்கு ஆதரவாக ஒன்றை நான் முழு மனதோடு சொல்வேன். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். எங்கள் வண்டியை ஒன்பது வருஷமாக ஓட்டும் டிரைவர் அண்ணன் ஏப்ரல், மே மாதங்களில் இறங்கும்போது சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கேபினுக்குள் இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் கால் வைத்துப் பார்த்தால் தெரியும், அந்த மனிதர் எதில் உட்கார்ந்து நமக்குச் சம்பாதித்துத் தருகிறார் என்று. இப்போது நல்ல டிரைவர் கிடைப்பதே அபூர்வம். பழைய வண்டி என்றால் வரமாட்டேன் என்று சொல்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

நடுவில் ஒரு வழி

ஆறேழு வயது பழைய வண்டி வாங்குவது மூன்றாவது வழி. என் கண்ணில் சிறந்தது 2018 கடைசியிலிருந்து 2020 மார்ச் வரை பதிவான பிஎஸ்4 வண்டி. அந்தக் காலத்து வண்டிகளில் ஆர்சியில் 28 டன் ஏறியிருக்கும் வாய்ப்பு அதிகம். பிஎஸ்6-இன் கரி வடிகட்டித் தொல்லை இல்லை. நேஷனல் பர்மிட்டுக்கு இன்னும் எட்டு ஒன்பது வருஷம் இருக்கிறது. வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். ஆர்சியில் மொத்த எடை என்று போட்டிருக்கும் எண்ணைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரே வருஷ மாடலில் 25 டன்னும் இருக்கிறது, 28 டன்னும் இருக்கிறது.

பிஎஸ்4-க்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. அசோக் லேலண்ட் பெரிய வண்டிகளில் ஐஇஜிஆர் என்ற முறையில் பழைய மாதிரியான இன்லைன் பம்பையே வைத்திருந்தது. ஆட்புளூ வேண்டாம், நம் பம்ப் மெக்கானிக்கே கை வைக்கலாம். மற்ற பல வண்டிகள் காமன் ரெயில் என்ற எலக்ட்ரானிக் டீசல் முறையும் ஆட்புளூவும் கொண்டவை. உங்கள் ஊரில் எதற்கு ஆள் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

நான் போய்ப் பார்த்த மூன்று வண்டிகளும் 18 லட்சத்தை ஒட்டிச் சொன்னார்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டாலே எஃப்சி, இன்சூரன்ஸ் தேதிகள் தெரிந்துவிடும். செலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். மூன்றில் ஒன்றுக்கு வெளிமாநிலச் செலான் வரிசையாக நின்றது. இன்னொன்றில் புதுப் பெயிண்ட் பளபளத்தது. சாக்பீஸ் தூள் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதும் விற்க வந்தவரின் பேச்சு மாறிவிட்டது. மூன்றாவது நல்ல வண்டி. நன்றாக ஓடும் வண்டியை ஆறு வயதில் ஒருவர் ஏன் விற்கிறார் என்று கேட்டதற்கு, தம்பி வெளிநாடு போய்விட்டான், பார்க்க ஆள் இல்லை என்றார்கள். ஊரில் விசாரித்ததில் அது உண்மைதான். பழைய வண்டியில் இந்தக் கேள்விக்கு நம்பும்படியான பதில் கிடைப்பது இன்ஜின் சத்தத்தைக் கேட்பதைவிட முக்கியம்.

பழையதை என்ன செய்வது?

இன்ஜின் வேலை செய்துவிட்டு விற்கலாம் என்று ஒரு யோசனை வீட்டில் வந்தது. விசாரித்தேன். இருக்கும் நிலையில் 3.5 லட்சம், இன்ஜின் செய்தால் 5 லட்சம் என்றார்கள். இரண்டரை லட்சம் போட்டு ஒன்றரை லட்சம் எடுப்பது. வைத்து ஓட்டுவதாக இருந்தால்தான் இன்ஜினில் கை வைக்க வேண்டும். விற்பதாக இருந்தால் நிலையை ஒளிக்காமல் சொல்லி அப்படியே விற்றுவிடுவது நல்லது.

உடைக்கக் கொடுப்பவர்கள் காயலான் கடையில் எடை போட்டுக் காசு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். ஆர்சியை ரத்து செய்யாவிட்டால் வரியும் வழக்கும் நம் பெயரிலேயே நிற்கும். அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. சரக்கு வண்டிகளுக்கு மோட்டார் வாகன வரியில் 15 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி 2021-இலேயே வழி செய்திருக்கிறது. வாங்கப்போகும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

எங்கள் வண்டி போன வருஷம் மாதம் சராசரி 4,800 கிலோமீட்டர்தான் ஓடியது. அதில் பாதி மகாராஷ்டிரா ஓட்டம். நின்ற நாட்களில் பத்து நாள் அந்தப் பக்கத்திலேயே போனது. சோலாப்பூர் தாண்டி ஒரு முறை ஹெட் கேஸ்கெட் போய், ஐந்து நாள் சாமான் வருவதற்குக் காத்திருந்தோம். அதே வேலை கரூரில் நடந்திருந்தால் மறுநாள் கிளம்பியிருக்கும். ஜூனோடு நேஷனல் பர்மிட்டும் முடிகிறது. ஆக, அந்த ஓட்டத்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். வண்டி இனி சங்ககிரி சிமெண்டும் திரும்பும் வழியில் தீவன மூட்டையும் ஏற்றிக்கொண்டு, 150 கிலோமீட்டருக்குள் ஓடும். அந்த ஓட்டத்துக்கு 40 லட்ச ரூபாய் வண்டி தேவையில்லை. 2.5 லட்ச ரூபாய் இன்ஜின் போதும். சேஸிஸ் கெட்டியாக இருக்கிறது, நோய் ஒரே இடத்தில் இருக்கிறது, எங்கே நின்றாலும் பட்டறை இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது.

மாமா மாதம் 9,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறவர். ஏற்றுவது இரும்பும் டைல்ஸும். அவருடைய 2012 வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கிறார். அவர் எடுப்பதும் சரிதான். அவர் கணக்கில் அந்த இரண்டரை டன் இரண்டு பக்கமும் காசாகிறது. தொழிலுக்குப் புதிதாக வந்து, வெளிமாநில ஓட்டம் வேண்டும், ஆனால் 64,000 டியூ பயம் என்று சொல்லும் என் பள்ளித் தோழனுக்கு அந்த மூன்றாவது பிஎஸ்4 வண்டியைக் காட்டியிருக்கிறேன்.

எங்கள் பிளாக் திங்கட்கிழமை லேத்துக்குப் போனது. அளந்து பார்த்ததில் இதுதான் முதல் போர். கிராங்க் ஏற்கெனவே ஒரு முறை கிரைண்டிங் ஆகியிருக்கிறது, இன்னும் இரண்டு அளவு பாக்கி. அப்பா தினமும் காலையில் லேத்துப் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார். இன்ஜினை இறக்கும்போது டிரைவர் அண்ணனிடம் வண்டியில் வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த சீட்டை மட்டும் மாத்திக் குடுத்தா நல்லாருக்குங்க" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் கேட்ட முதல் சாமான் அது. புது சீட்டும், இன்ஜின் மூடிக்குச் சூடு தடுக்கும் விரிப்பும், மேல் கூரைக்கு உள்பக்கம் லைனிங்கும் சேர்த்து 14,000 ஆகும் என்றார்கள். எஸ்டிமேட்டில் முதல் வரியாக அதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.